உவர் மண்

புதுக்கோட்டை சமஸ்தானத்தின் பழைய வரவு செலவைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு தொகை கண்ணில் பட்டே தீரும். ரூபாய் 38,000. மழை பெய்தாலும் பொய்த்தாலும், கண்மாய் பெருகினாலும் வறண்டாலும், அந்த வரவுக்கு மட்டும் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கொடுத்தது பிரிட்டிஷ் இந்திய சர்க்கார். வாங்கிக்கொண்டது புதுக்கோட்டை தர்பார்.

பொதுவாக சமஸ்தானங்கள்தான் வெள்ளைக்காரனுக்குக் கப்பம் கட்டும். புதுக்கோட்டைத் தொண்டைமான்களுக்கு அந்தத் தலைவலி கிடையாது. கும்பெனியின் ஆரம்ப காலத்து யுத்தங்களில் அவர்கள் பக்கம் நின்றதற்குப் பிரதியாக, கீழாநிலைச் சீமையையே 1803-ல் பெற்றுக்கொண்டவர்கள். அதற்கு வருஷத்துக்கு ஒரு யானை கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்த யானையையும் யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-ல் அதையும் தள்ளிவிட்டார்கள். இப்படி யானையைக்கூடக் கேட்காத சர்க்கார் வலியக் கொண்டுவந்து 38,000 ரூபாய் கொடுத்தது என்றால் விஷயம் சாமானியமாக இருக்க முடியாது அல்லவா?

விஷயம் உப்பு. சமஸ்தானத்து ஜனங்கள் தங்கள் மண்ணிலிருந்து உப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு நஷ்ட ஈடுதான் அந்தத் தொகை. 1887-ல் ஏற்பட்ட ஏற்பாடு அது.

மண்ணிலிருந்து உப்பா என்று இன்றைய வாசகர்கள் கேட்கலாம். உப்பு என்றால் நமக்குக் கடலும் பாத்தியும்தான் ஞாபகம் வருகின்றன. ஆனால் உள்நாட்டில், மழைக்காலம் போய் வெயில் ஏறத் தொடங்கியதும் சில புறம்போக்குகளிலும் தரிசுகளிலும் தரை வெள்ளையாகப் பூக்கும். அதுதான் உவர் மண். வெளுக்கிறவர்கள் துணிக்குப் போட அதைத்தான் தேடிப் போவார்கள். உவரிலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று சவுக்காரம் போல வழவழப்பது. மற்றது நாக்கில் வைத்தால் கரிப்பது. கரிக்கிற மண்ணை அதிகாலையில் சுரண்டி எடுத்து, அடியில் வைக்கோல் பரப்பிய தொட்டியில் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றுவார்கள். கீழே சொட்டுகிற கரிப்புத் தண்ணீரைக் காய்ச்சினாலோ வெயிலில் வைத்து வற்றவிட்டாலோ உப்பு படியும். நிறம் கொஞ்சம் மங்கல். ருசியில் கொஞ்சம் கசப்பு. கல்யாணப் பந்தியில் வைக்கக்கூடியதல்ல. கேழ்வரகுக் கூழுக்கு அது போதும்.

இதையே தொழிலாகச் செய்தவர்களுக்கு உப்பிலியர் என்று பெயர். உப்பு எடுக்கிறவர்களுக்கு உப்பிலியர் என்று பெயர் வாய்த்ததில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. 1887-க்குப் பிறகு அந்த வேடிக்கை நிஜமாகவே ஆகிவிட்டது.

ஏன் 1887? கூழில் போடும் மங்கல் உப்பைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் ஏன் பயந்தது? அதற்குப் பத்து வருஷம் பின்னே போக வேண்டும்.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் சொன்னது 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தை. பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் மடிந்தார்கள். இது ஏதோ தேச பக்தர்கள் பெருக்கிச் சொன்ன கணக்கல்ல. அரசாங்கமே நியமித்த பஞ்சக் கமிஷன் ஒப்புக்கொண்ட கணக்கு. புதுக்கோட்டையில் 1871-ம் வருஷத்துக் கணக்கெடுப்பில் 3 லட்சத்து 16 ஆயிரம் சொச்சம் பேர் இருந்தார்கள். 1881-ல் 3 லட்சத்து 2 ஆயிரம் சொச்சம். பத்து வருஷத்தில் ஜனத்தொகை கூடாமல் குறைவது என்பது எப்பேர்ப்பட்ட விஷயம்! பிழைக்க வெளியூர் போனவர்களும் இதில் சேர்த்தி என்று வைத்துக்கொண்டாலும், மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு என்ன கூலி கொடுப்பது என்று பெரிய சர்ச்சை நடந்தது. செலவைக் குறைப்பதற்கென்று அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், ஓர் ஆண் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும், அதற்கு மேல் ஓர் அணாவும் போதும் என்றார். சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனரான டாக்டர் கார்னிஷ், இது உயிர் தரிக்கப் போதாது என்று வாதாடினார். வெள்ளைக்காரர்களுக்குள்ளும் இரண்டு விதம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பஞ்சத்தால் கஜானாவில் பள்ளம் விழுந்தது. பள்ளத்தை எப்படி நிரப்புவது? இனி வரும் பஞ்சங்களுக்காக வருஷா வருஷம் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று ஒரு யோசனை பிறந்தது. யோசனை நல்லதுதான். பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சென்னை ராஜதானியில் உப்பு வரி, மணங்கு ஒன்றுக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. பஞ்சம் இன்னும் முடியவில்லை. பிணங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போதே பிழைத்திருந்தவர்களின் உப்பில் வரி ஏறியது.

நான் கணக்கில் புலி அல்ல. ஆனாலும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே மணங்கு என்றால் நம் ஊர்ப் பழைய மணங்கு அல்ல. 82 ராத்தல் சொச்சம் எடையுள்ள சர்க்கார் மணங்கு. ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 60 ராத்தல் உப்பு என்று வைத்துக்கொள்வோம். முன்பு 21 அணா வரியாகப் போயிற்று. இப்போது 29 அணா. டெம்பிள் துரை கொடுத்த ரொக்கம் நாளுக்கு ஓர் அணா. ஆக, அந்தக் குடும்பத்தலைவன் மண் சுமந்து சம்பாதித்த ரொக்கத்தில் ஒரு மாதத்தியது உப்பு வரிக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த 1878-ம் வருஷத்தை நம் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம். வைசிராய் லிட்டன் பிரபு, கவிதை எழுதுகிறவர். தென்னாடு பஞ்சத்தில் துடித்த 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் பெரிய தர்பார் நடத்தி, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தவர். மறு வருஷம் அவருடைய ஆட்சியில் சுதேச பாஷைப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் வந்தது. அதே வருஷம் ஆயுதச் சட்டமும் வந்தது. பத்திரிகைச் சட்டம் ரிப்பன் பிரபு காலத்தில் ஒழிந்தது. ஆயுதச் சட்டமோ, சுதந்திரம் வந்த பிறகு 1959-ல் நாமே வேறொரு ஆயுதச் சட்டம் செய்துகொள்ளும் வரை எண்பது வருஷம் நின்றது. பஞ்சத்துக்கென்று ஒதுக்கிய ஒன்றரைக் கோடி என்ன ஆயிற்று என்றால், ஆப்கானிஸ்தான் யுத்தம் வந்ததும் அந்த ஒதுக்கீட்டையே நிறுத்தி வைத்தார்கள். யுத்தம் முடிந்தது. வரி இருந்தது.

இனி புதுக்கோட்டைக்கு வருவோம்.

வரி ஏறினால் திருட்டு உப்புக்கு மவுசு ஏறும். இது ராஜ நீதியல்ல, கடைத்தெரு நீதி. வடக்கே இதற்காக ஒரு பெரிய வேலியே வைத்திருந்தார்கள். சிந்து நதிப் பக்கத்திலிருந்து மகாநதி வரைக்கும் சுமார் 2,300 மைல் நீளத்துக்கு முள் மரமும் புதரும் கல்லும் மண்ணுமாக ஒரு சுங்க வேலி. அதைக் காக்க ஏறக்குறைய 12,000 பேர். சீனத்துப் பெருஞ்சுவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு, நம் நாட்டிலேயே உப்புக்காக இப்படி ஒரு முட்சுவர் இருந்தது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 1879-ல் அந்த வேலியை எடுத்துவிட்டார்கள். மனம் இரங்கி அல்ல. எல்லா ராஜதானிகளிலும் வரியை ஏறத்தாழ ஒரே அளவாக்கி, ராஜபுத்திர சமஸ்தானங்களோடு ஒப்பந்தம் செய்து, உப்பு பிறக்கிற இடத்திலேயே கையை வைத்துவிட்டார்கள். ஊற்றை அடைத்த பிறகு வாய்க்காலுக்குக் காவல் எதற்கு?

தெற்கே மிச்சமிருந்த சின்ன ஊற்றுகளில் ஒன்று புதுக்கோட்டை. 1,179 சதுர மைல். நாலு பக்கமும் திருச்சி, தஞ்சை, மதுரை ஜில்லாக்கள். அந்த ஜில்லாக்களில் வரி கட்டிய உப்பு. எல்லைக்கல்லைத் தாண்டினால் வரியில்லாத உவர் உப்பு. எல்லைக்கல்லோ வயல் வரப்பில் இருக்கிறது. மாமியார் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், தாய் வீடு இந்தப் பக்கம் என்று எத்தனை குடும்பங்கள்! மகளுக்குச் சீராக ஒரு படி உப்பு மடியில் கட்டிக் கொடுத்தால் சாம்ராஜ்யத்துக்கு நஷ்டம். ஆகவே உப்பை எல்லையில் தடுப்பதைவிட, பூமியிலேயே தடுப்பது என்று முடிவாயிற்று.

ஒப்பந்தம் செய்துகொண்ட புதுக்கோட்டை ராஜா யார் என்று கேட்டால் அங்கேதான் கதை இருக்கிறது. நெடுங்காலம் ஆண்ட ராமச்சந்திரத் தொண்டைமான் 1886-ல் காலமானார். அவர் சுவீகாரம் எடுத்திருந்த மகள் வயிற்றுப் பேரர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு அப்போது வயது பத்து. மறு வருஷம் உப்பு ஏற்பாடு நடந்தபோது பதினொன்று. ராஜாவின் பெயரால் ராஜ்யத்தை நடத்தியவர் திவான் ரீஜண்ட் சேஷய்யா சாஸ்திரி.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் ஒரு வில்லன் கிடைத்தால் சௌகரியமாக இருக்கும். சேஷய்யா சாஸ்திரி அந்த வேஷத்துக்குச் சற்றும் பொருந்த மாட்டார். கும்பகோணத்துக்குப் பக்கத்து மனிதர். திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு, பஞ்சம் ஓய்ந்தும் ஓயாததுமான 1878-ல் புதுக்கோட்டைக்கு வந்தவர். இன்றைக்கும் நகரத்தில் நல்ல குளம், நல்ல கட்டடம் என்று எதையாவது காட்டினால், விசாரிக்க விசாரிக்க அவர் பெயரில் போய் முடிகிறது. அதைவிடப் பெரிய காரியம், அமானி முறையை ஒழித்தது.

அமானி என்றால் என்ன என்று தெரிந்தால்தான் அதன் அருமை தெரியும். விளைச்சலில் சர்க்காருக்கும் குடியானவனுக்கும் பங்கு. பயிர் முற்றியதிலிருந்து சர்க்காரின் காவல்காரன் வயலில் நிற்பான். அனுமதி வராமல் அறுக்கக் கூடாது. அறுத்தால் அடிக்கக் கூடாது. அடித்தால் அள்ளக் கூடாது. களத்தில் கிடக்கும் குவியலின் மேல் முத்திரை. அதிகாரி வருவதற்குள் மழை வந்துவிட்டால் நெல் முளைக்கும். முளைத்த நெல்லிலும் சர்க்கார் பங்கு சர்க்கார் பங்குதான். குடியானவன் ராத்திரியில் தன் நெல்லையே தான் திருடுவான். காவல்காரன் அதில் தன் பங்கைத் திருடுவான். இந்த முறையை எடுத்துவிட்டு, பணமாகத் தீர்வை கட்டினால் போதும், விளைந்ததை உன் இஷ்டப்படி அறுத்துக்கொள் என்று சொன்னவர் சாஸ்திரிதான். களத்து நெல்லின் மேலிருந்த முத்திரையை எடுத்தவரும் அவரே; தரிசில் பூத்த உப்பின் மேல் முத்திரை வைத்தவரும் அவரே. இரண்டிலும் அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதலாவதில் அவர் இஷ்டம் நடந்தது. இரண்டாவதில் எதிரே உட்கார்ந்திருந்தது சாம்ராஜ்யம். தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பதினொரு வயதுப் பிள்ளை.

இந்தக் குழந்தை ராஜா விஷயம் தற்செயல்தானா என்று நான் யோசித்ததுண்டு. 1807-லிருந்து 1948 வரை புதுக்கோட்டையை ஆண்டவர்கள் ஐந்து பேர். அவர்களில் நாலு பேர் பட்டத்துக்கு வந்தபோது பிள்ளைகள். 1807-ல் வந்தவருக்குப் பத்து வயதுக்குள். தஞ்சாவூர் ரெஸிடெண்டு பிளாக்பர்ன் துரை மேற்பார்வை பார்த்தார். 1839-ல் வந்த ராமச்சந்திரருக்கு ஒன்பது அல்லது பத்து. 1886-ல் மார்த்தாண்டர். 1928-ல் ராஜகோபாலத் தொண்டைமானுக்கு ஆறு. பட்டத்துக்குப் பிள்ளைகள் வந்தது விதி. ஆனால் ஒரு பிள்ளை பெரியவனாகிற பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ராஜ்யத்தில் என்ன வேண்டுமானாலும் நிலைத்துப் போகும். மார்த்தாண்டர் 1894-ல் அதிகாரம் ஏற்றபோது, 38,000 ரூபாய் கணக்கில் ஊறிப் போய்விட்டது. உவர் மண்ணைச் சுரண்டுவது குற்றம் என்பது ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு, தீ சுடும் என்பதைப் போல இயற்கையாகத் தெரிந்துவிட்டது.

38,000 ரூபாயை அன்றைய ஜனத்தொகைக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு அணா வரும். யாரும் பங்கிடவில்லை. அது தர்பார் கஜானாவுக்குப் போயிற்று. உப்பு எடுத்தவனுக்கு நஷ்டம், ராஜ்யத்துக்கு ஈடு. வருஷத்துக்குத் தலைக்கு 12 ராத்தல் என்றால், அன்றைய வரியான மணங்குக்கு 2 ரூபாய் வீதம் ஒவ்வொருவரும் நாலரை அணாவுக்கு மேல் கட்டினார்கள். மறு வருஷமே, 1888-ல், வரி மறுபடியும் 2 ரூபாய் 8 அணா ஆயிற்று. இந்தத் தடவை சாக்கு பஞ்சம் அல்ல. பர்மா யுத்தச் செலவும் ரூபாயின் மதிப்பு இறங்கியதும்.

உப்பிலியர்கள் என்ன ஆனார்கள்? உப்பு மண்ணை வெட்டிய மண்வெட்டியால் குளத்து மண்ணையும் கிணற்று மண்ணையும் வெட்டப் போனார்கள். ராஜதானி முழுவதும் அவர்களுக்கு நேர்ந்தது அதுதான். ஒரு ஜாதியின் தொழிலையே மாற்றுகிற அளவுக்குச் சட்டத்துக்குப் பலம் உண்டு என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்; ஆனால் அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உப்பு வரியின் பிற்காலக் கதையை எல்லோரும் அறிவார்கள். 1930-ல் காந்தி தண்டிக்குப் போனார். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். 1947 ஏப்ரல் முதல் தேதி உப்பு வரி ஒழிந்தது. போராடி ஒழித்தோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் உப்புக்கு விடுதலை கொடுத்த அதே சமயத்தில் அரிசி கைதாகிக் கிடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். புதுக்கோட்டைச் சீமைக்கு அது வெறும் பத்திரிகைச் செய்தி அல்ல. பொன்னமராவதி, இராயவரம், கோனாபட்டு, பனையப்பட்டி என்று செட்டிநாட்டு ஊர்கள் எத்தனையோ சமஸ்தானத்துக்குள் இருந்தன. பெரிய பெரிய வீடுகளின் தேக்குத் தூணும் பெட்டகத்துப் பணமும் பர்மாவிலிருந்து வந்தவை. ஆண்கள் அங்கிருந்து கால்நடையாகத் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. பர்மாப் பணம் நின்றது. பர்மா அரிசியும் நின்றது. தமிழ்நாட்டில் அரிசி கிராக்கியாயிற்று. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். அந்தப் பயத்தில்தான் ரேஷன் கார்டு பிறந்தது.

அப்போதும் புதுக்கோட்டை ராஜா சிறுவயதினர்தான். சர் அலெக்ஸாந்தர் டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்காரர் 1934 முதல் நிர்வாகியாக இருந்தார். ராஜகோபாலத் தொண்டைமானுக்கு முழு அதிகாரம் கிடைத்தது 1944-ல். அவர் கையில் ராஜ்யம் வந்தபோது அதோடு கொள்முதல், லெவி, கார்டு, பர்மிட் எல்லாமே வந்தன.

யுத்தம் 1945-ல் முடிந்தது. அதற்குச் சட்டப்படி என்ன நடந்தது என்று பார்த்தால், நாவலைவிட ரசமாக இருக்கிறது. உணவு, துணி, மண்ணெண்ணெய் முதலியவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் 1939-ம் வருஷத்து இந்தியப் பாதுகாப்பு விதிகளிலிருந்து வந்தது. அந்த விதிகளுக்கு ஆயுள் 1946 செப்டம்பரோடு சரி. அக்டோபர் முதல் தேதி அதற்குப் பதிலாக ஓர் அவசரச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதன் பெயரிலேயே ‘தற்காலிக அதிகாரங்கள்’ என்று போட்டிருந்தார்கள். தற்காலிகத்தை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள், 1955 ஜனவரி வரை நீட்டினார்கள். அதற்குப் பிறகு ‘தற்காலிக’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் என்று 1955-லேயே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அது இன்றும் இருக்கிறது.

இங்கே என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. கட்டுப்பாடு என்றாலே அக்கிரமம் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். 1952-ல் ராஜாஜி சென்னை ராஜ்யத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தபோது ஜனங்கள் கொண்டாடினார்கள். வாஸ்தவம். ஆனால் 1960-களின் நடுவில் அரிசி மறுபடி கிடைக்காமல் போனபோது, ஆளும் கட்சியையே ஜனங்கள் மாற்றினார்கள். 1967-ல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சுக்கு இருந்த சக்தியைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யுத்த காலத்தில் ஒரு பிடிக்கு மேல் வாங்காதே என்று சொல்லப் பிறந்த கார்டு, பிறகு ஒரு பிடியாவது உனக்கு உண்டு என்று சொல்லும் கார்டாக மாறிற்று. 2011-லிருந்து தமிழ்நாட்டில் அரிசி இலவசமாகவே கிடைக்கிறது. 2020-ல் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தைத் தளர்த்தி மத்திய சர்க்கார் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வேறு இரண்டு வேளாண் சட்டங்களோடு சேர்த்து அதையும் வாபஸ் வாங்கச் சொல்லிக் குடியானவர்கள் டில்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்தார்கள். 2021-ல் வாபஸ் ஆயிற்று. கட்டுப்பாடு போக வேண்டாம் என்று ஜனங்களே மறியல் செய்தார்கள்! லிட்டன் பிரபு கேட்டால் மயங்கி விழுந்திருப்பார்.

உப்பையும் அரிசியையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. உப்பில் அதிகாரம் எடுத்துக்கொண்டது, ஒன்றும் கொடுக்கவில்லை. அரிசியில் எடுத்துக்கொண்டதில் பெரும் பங்கைத் திருப்பிக் கொடுத்தது. ஆனாலும் ஒன்று இரண்டுக்கும் பொது. வீட்டில் எத்தனை வாய், அவர்கள் பெயர் என்ன, வயது என்ன என்பதை சர்க்கார் நிரந்தரமாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் சாதாரணக் குடும்பத்துக்குள் நுழைந்தது ரேஷன் கார்டோடுதான். அரிசி வாங்காதவர்களும் கார்டை விடமாட்டார்கள். கார்டில்லாவிட்டால் நாம் இந்த ஊர்க்காரர்தான் என்பதற்கு வேறு ருஜு தேட வேண்டியிருந்தது. 2017-ல் அது மின்னணு அட்டையும் ஆயிற்று.

திருப்பிக் கொடுக்காத வகைக்கு இன்னொரு உதாரணம் தங்கம். 1962 அக்டோபரில் சீனா படையெடுத்தது. நெருக்கடி நிலை பிரகடனம் ஆயிற்று. ஒரு மாதத்தில் சண்டை நின்றது. பிரகடனத்தை ரத்துச் செய்தது 1968 ஜனவரியில். இடையில் 1963-ல் அதே பாதுகாப்பு விதிகளைக்கொண்டு தங்கக் கட்டுப்பாடு வந்தது: புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் ஊர்ப் பத்தர்கள் 14 காரட்டில் தாலி செய்வதா என்று திகைத்துப் போனார்கள். நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான பொற்கொல்லர்களின் உலை அணைந்தது. 14 காரட் விதி சில வருஷத்தில் போயிற்று, கட்டுப்பாடு போகவில்லை. 1968-ல் தனிச் சட்டமாகி, 1990-ல்தான் ஒழிந்தது. ஒரு மாதச் சண்டைக்கு 27 வருஷம்.

ஆட்களைச் சிறையில் வைக்கும் சட்டங்களின் கதையும் இதே ஜாதகம்தான். 1950-ல் விசாரணையில்லாத காவலுக்குச் சட்டம் செய்தபோது ஒரு வருஷத்துக்கு என்றுதான் சொன்னார்கள். 1969 வரை ஓடிற்று. 1971-ல் மிசா வந்தது. 1971 டிசம்பரில் பாகிஸ்தான் யுத்தத்துக்காகப் பிரகடனம் செய்த நெருக்கடி நிலை இரண்டு வாரத்தில் யுத்தம் முடிந்த பிறகும் எடுக்கப்படவே இல்லை. 1975 ஜூன் 25-ம் தேதி இரவு இந்திரா காந்தி சர்க்கார் இரண்டாவது நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தபோது, பழையது இன்னும் அமுலில் இருந்தது. ஒரு பூட்டின் மேல் இன்னொரு பூட்டு. இரண்டும் 1977 மார்ச்சில்தான் திறந்தன. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ல் ஆட்சியைக் கலைத்த பிறகு, நேற்று வரை அரசாங்கத்தில் இருந்தவர்களே மிசாவில் உள்ளே போனார்கள். அந்தப் பதினான்கு மாதத்தில் புதிய புதுக்கோட்டை ஜில்லாவுக்கு வயது இரண்டு, மூன்று. ராஜாவின் அரண்மனை கலெக்டர் கச்சேரியாகியிருந்தது.

எல்லாவற்றிலும் பழைய பூட்டு ஒன்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 1897-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது அவசர அவசரமாகச் செய்த தொற்றுநோய்ச் சட்டம். சில வரிகள்தான், சர்க்கார் தேவை என்று நினைத்ததைச் செய்யலாம் என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் சென்னை ராஜதானியில் நோயுள்ள ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவனுக்கு பிளேக் பாஸ்போர்ட் கொடுத்து, நாள்தோறும் ஆஜராகச் சொன்னார்கள். 2020-ல் கொரோனா வந்தது. அதே சட்டத்தை அலமாரியிலிருந்து எடுத்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு முப்பத்து சொச்சம் மைல். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அதற்கு இ-பாஸ் வேண்டும் என்றார்கள். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி இவற்றுக்கு மட்டும் கொடுத்தார்கள். மாத்தூரைத் தாண்டும் இடத்தில் போலீஸார் நின்றார்கள். சமஸ்தான காலத்தில் உப்பு மூட்டைக்கு இருந்த எல்லை, சமஸ்தானம் போய் எழுபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, ஏறக்குறைய அதே இடத்தில் மனிதனுக்கு முளைத்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நோய் நிஜம், சாவும் நிஜம். அந்த ஆகஸ்டோடு ஜில்லாக்களுக்கிடையே இ-பாஸை எடுத்தும்விட்டார்கள். சட்டத்தை எடுக்கவில்லை.

1948 மார்ச் 3-ம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. கொடுக்கிறவரும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை. 38,000 ரூபாய்க் கணக்கு அதோடு முடிந்தது. அதற்கு முந்திய ஏப்ரலிலேயே உப்பு வரி போய்விட்டதால், உவர் மண்ணை யார் வேண்டுமானாலும் அள்ளலாம் என்று ஆகியிருந்தது. அறுபது வருஷத்துக்குப் பிறகு வந்த அனுமதி. தொட்டி கட்டவும், வைக்கோல் பரப்பவும், எந்த மண் கரிக்கும் எது வழவழக்கும் என்று நாக்கில் வைத்துச் சொல்லவும் தெரிந்தவர்கள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.